பழைய மோட்டார் வண்டியில் எழும் ‘டொக் டொக்’ சத்தமும் அதன் காரணத்தை அறியும் வகையும்

கம்பம் பள்ளத்தாக்கில் மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதை உல்லாசத்திற்காக வைத்திருப்பவர்களல்லர். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், போடி முதலிய ஊர்களிலிருந்து பொழுது புலருமுன் ஜீப்புகள் கிளம்பிக் குமுளி, கம்பம் மெட்டு, போடிமெட்டு வழிகளாக மலையேறுகின்றன. இடுக்கி ஜில்லாவின் ஏலத்தோட்டங்களில் வேலை செய்யும் ஆண் பெண்களை அவை காலையில் கொண்டுபோய் விட்டு, அந்திக்குத் திரும்ப அழைத்து வருகின்றன. இவ்வண்டிகளில் அநேகம் இரண்டு மூன்று கைகள் மாறி வந்தவை. மஹீந்திரா கம்பெனியார் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை 1940-களின் கடைசியில் பம்பாயில் பூட்டத் தொடங்கிய நாள் முதல், அதன் வழிவந்த பட்டை ஸ்பிரிங் வண்டிகளைப் போல நம் மலைப்பாதைக்கு ஒத்தது வேறில்லை என்பது இவ்வூர் ஜனங்களின் துணிபு. ஆகையால் வண்டி பழையதாயினும் அதை விடுவதற்கு மனம் வருவதில்லை.

வண்டி பழையதானால் சத்தமும் பிறக்கும். சத்தம் பிறந்தால் செலவும், செலவுக்குக் கடனும் வரும். இந்த மூன்றாவது கட்டத்தில்தான் என்னைப் போன்ற கூட்டுறவு இலாகாச் சிப்பந்திக்கு மோட்டார் யந்திரத்தோடு சம்பந்தம் ஏற்படுகிறது. நான் யந்திரப் பயிற்சி பெற்றவனல்லன். மெட்ரிகுலேஷன் படிப்புக்கு மேல் படித்தவனுமல்லன். ஆயினும் அடியில் சொல்லப்போகும் ஒரு சம்பவத்தின் பிறகு, இவ்விஷயத்தைச் சற்றுச் சிரத்தையுடன் கேட்டும் பார்த்தும் தெரிந்து கொண்டேன். நமது சங்கங்களின் அங்கத்தினர்களுக்கு உபயோகப்படுமென்று அதை இங்கு எழுதலானேன்.

சின்னமனூருக்கு மேற்கிலுள்ள ஒரு கிராமத்தின் கடன் சங்கத்தில் நான் தணிக்கைக்காக இருந்த ஒரு நாள், ஒரு ஜீப்பு உடையவர் தம் மனைவியின் கழுத்துச் சங்கிலியையும் இரண்டு ஜதை வளையல்களையும் துணியில் முடிந்து கொண்டு வந்து நகைக்கடன் கேட்டார். எதற்காகவென்று விசாரித்தேன். “இன்ஸ்பெக்டர் ஐயா, மெட்டு ஏறும்போது வண்டி டொக் டொக் என்று அடிக்கிறது. எஞ்சின் பேரிங் போய்விட்டதாம். எஞ்சினை இறக்கிக் கட்ட வேண்டுமென்று ஒர்க்ஷாப்பில் சொல்லிவிட்டார்கள்” என்றார். எஞ்சினை யாராவது திறந்து பார்த்தார்களா என்றேன். இல்லையாம், சத்தத்தைக் கேட்டதும் சொன்னார்களாம். நகைக்கடனுக்குக் காரணம் கேட்பது சங்கத்தின் கடமையன்று. நகையின் எடையும் மாற்றும் சரியாயிருந்தால் போதும். ஆனாலும் கேட்ட தொகை, அவர் வண்டியை விற்றாலும் கிடைக்கக்கூடியதில் பாதிக்குக் குறையாதிருந்தபடியால், எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு நாள் பொறுக்கும்படி வேண்டிக் கொண்டு, உத்தமபாளையத்தில் எனக்குப் பழக்கமான ஒரு முதிய மிஸ்திரியிடம் அவரை அழைத்துக் கொண்டு போனேன்.

அந்த மிஸ்திரி வண்டியின் மூடியைத் திறக்கவேயில்லை. முதலில் அரைமணி நேரம் கேள்விகள்தாம் கேட்டார். நல்ல வைத்தியர், காய்ச்சல் என்று வந்தவனுக்கு உடனே மருந்து கொடுப்பதில்லை. காலையிலா மாலையிலா, குளிரோடா குளிரில்லாமலா, உண்ட பின்னா உண்ணுமுன்னா என்று கேட்டே நோயை வகுப்பார். வண்டியின் சத்தமும் அப்படிப்பட்டதே. ‘டொக்’ என்பது ஒரு நோயன்று, பல நோய்களுக்குப் பொதுவான ஒரு குறி. அது எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது, எதனோடு கூடிக் குறைகிறது என்னும் மூன்றையும் வண்டி ஓட்டுபவரே கவனித்துச் சொல்ல முடியும். இதைச் சொல்லத் தெரியாமல் வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டு வருவதே முதல் நஷ்டம்.

கவனிக்க வேண்டியவற்றில் தலையானது, சத்தம் எஞ்சினோடு ஓடுகிறதா, சக்கரத்தோடு ஓடுகிறதா என்பதாகும். வண்டியை நிறுத்தி, கியரை நடுநிலையில் வைத்து, எஞ்சினை மட்டும் வேகப்படுத்தினால் சத்தம் வந்து, வேகத்தோடு கூடவும் குறையவும் செய்தால், நோய் எஞ்சினிலோ அதைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகளிலோ அதைச் சார்ந்த பங்கா, பெல்டு முதலியவற்றிலோ இருக்கிறதென்பது தெளிவு. நிற்கும்போது வராமல் ஓடும்போது மாத்திரம் வந்தால் சக்கரம், அச்சு, ஸ்பிரிங், ஸ்டியரிங் ஆகியவற்றின் பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும். ஆனால் இதில் ஒரு சூட்சுமமுண்டு. எஞ்சின் பேரிங்கின் தேய்வு சில சமயம் பாரம் இழுக்கும்போதுதான் வாய் திறக்கும், நிற்கும்போது ஊமையாயிருக்கும். ஆகையால் நிற்கும்போது சத்தமில்லை என்பதைக் கொண்டு மட்டும் எஞ்சின் நிரபராதி என்று தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. இதற்கு வேறொரு பரீட்சை இருக்கிறது; அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

எஞ்சினுக்குள் எழும் சத்தங்கள்

எஞ்சினுக்குள் பிஸ்டன் என்பது உரலில் உலக்கை போல் ஏறியிறங்குகிறது. அதன் ஏற்றயிறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது கனெக்டிங் ராடு. அந்த ராடு கிராங்கு ஷாப்டைப் பற்றுமிடத்தில் மெல்லிய பேரிங் தகடுகள் இருக்கின்றன. தகட்டுக்கும் ஷாப்டுக்கும் இடையில் மயிரிழையளவு சந்தும், அதில் ஆயிலும் இருக்க வேண்டும். ஆயில் குறைந்தோ, கெட்டோ, அதன் அழுத்தம் இறங்கியோ போனால் தகடு தேய்ந்து சந்து பெருகுகிறது. மாட்டு வண்டியின் குடத்தில் துளை தேய்ந்தால் சக்கரம் எப்படி ஆடி அடிக்குமோ, அப்படியே ராடு ஒவ்வொரு சுற்றிலும் ஷாப்டை அடிக்கிறது. இச்சத்தம் கனத்தது, மரச் சுத்தியலால் உள்ளிருந்து தட்டுவது போன்றது. எஞ்சின் சூடேறி ஆயில் இளகியபின் அதிகமாகும், ஏற்றத்தில் அதிகமாகும். இதனோடு ஆயில் பிரஷர் விளக்கும் எரியத் தொடங்கினால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். அடுத்த ஊர் வரைக்கும் போய்ச் சேரலாமென்று ஓட்டினால் ராடு முறிந்து, எஞ்சின் பிளாக்கின் பக்கத்தையே உடைத்துக் கொண்டு வெளியே வருவதுண்டு. அப்பால் பழுது பார்க்க மிஞ்சுவது ஒன்றுமில்லை.

கிராங்கு ஷாப்டையே தாங்கும் மெயின் பேரிங்குகள் தேய்ந்தால் சத்தம் இன்னும் ஆழத்திலிருந்து, மந்தமாக வரும். அதற்கு மாறாக, காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் ‘லொட லொட’வென்று அடித்து, சூடேறச் சூடேற அடங்கிப் போகும் சத்தம் பெரும்பாலும் பிஸ்டன் சிலிண்டரில் தளர்ந்து பக்கவாட்டில் அடிப்பதாகும். இது வயதின் குறிதானே தவிர, நாளைக்கே வண்டியை நிறுத்திவிடும் ஆபத்தன்று. வால்வுகளைத் தள்ளும் டேப்பட்டுகளின் சந்து அதிகமானால் வருவது மெல்லிய ‘டிக் டிக்’. அது கிராங்கு ஷாப்டின் வேகத்தில் பாதி வேகத்தில்தான் கேட்கும். ஏனெனில் ஒவ்வொரு வால்வும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறையே திறக்கிறது. தையல் யந்திரத்தின் ஓசை போன்ற இதைச் சரிப்படுத்த ஒரு ஸ்பானரும் சந்தளக்கும் தகடும் அரைமணி நேரமும் போதும். இதைக் கேட்டு அஞ்சி எஞ்சினை இறக்கியவர்களும் உண்டு.

டீசல் எஞ்சின் இயல்பாகவே அடித்துக் கொண்டு ஓடுவது. பீய்ச்சப்பட்ட எண்ணெய் உடனே பற்றாமல் ஒரு நொடியின் மிகச் சிறு பங்கு தாமதித்துப் பிறகு ஒருமிக்கப் பற்றுவதே அதற்குக் காரணம். குளிரில் தாமதம் அதிகம், சத்தமும் அதிகம். ஆனால் ஒரு நாசில் மட்டும் சரியாகப் பீய்ச்சாமல் சொட்டினால், அந்தச் சிலிண்டர் மட்டும் தனியே ஓங்கி அடிக்கும், கரும்புகையும் கூடும். இதைக் கேட்டு “பேரிங் போயிற்று” என்று சொல்லிவிடுவது மிகச் சாதாரணமான தவறு.

எந்தச் சிலிண்டரில் அடிக்கிறதென்பதை அறிய மிஸ்திரிகள் கையாளும் வழி எளியது. எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டராக வேலை நிறுத்தம் செய்விப்பார்கள். பெட்ரோல் எஞ்சினானால் பிளக்கின் ஒயரைக் கழற்றுவது. டீசலானால் நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டைத் தளர்த்துவது. எதை நிறுத்தியதும் சத்தம் குறைகிறதோ அங்கேதான் ராடு பேரிங்கோ நாசிலோ கெட்டிருக்கிறது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தியும் சத்தம் மாறவில்லையென்றால் ராடைக் குற்றம் சொல்வது தகாது. டீசல் குழாயிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும் வேகமுடையது. ஆகையால் இப்பரீட்சையை மிஸ்திரியே செய்ய வேண்டும், நாம் பக்கத்தில் நின்று கேட்டால் போதும். நீண்ட திருப்புளியின் இரும்பு முனையை எஞ்சினின் பல இடங்களில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டால் சத்தம் பிறக்குமிடம் வைத்தியரின் குழாயில் கேட்பது போல் தெளிவாகக் கேட்கும். அப்போது தோள் துண்டையும் வேட்டி நுனியையும் பங்காவிலிருந்து தூர வைத்துக் கொள்ள வேண்டுமென்பதைச் சொல்லாமல் விட எனக்குத் துணிவில்லை.

பெட்ரோல் வண்டிகளில் இன்னொரு சத்தமும் உண்டு. 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் கார்கள் இன்னும் சில நம் பக்கத்தில் ஓடுகின்றன. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், தகரப் பெட்டியில் கூழாங்கற்களைக் குலுக்கியது போன்ற ஓசை அவற்றில் எழுவதுண்டு. அது தேய்வினால் வருவதன்று. சிலிண்டரில் தீ ஒரு முனையில் பற்றி ஒழுங்காகப் பரவுவதற்கு முன்பே, மறுமுனையிலுள்ள வாயு அழுத்தத்தாலும் சூட்டாலும் தானே வெடித்து விடுவதால் வருவது. தீப்பொறி உரிய காலத்திற்கு முந்தி விழுந்தாலும், உள்ளே கரி படிந்தாலும், எஞ்சின் அதிகச் சூடானாலும், பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தாலும் இது வரும். இதை அடக்க அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் 1921-ஆம் வருஷத்தில் ஈயக் கூட்டுப்பொருள் ஒன்றைப் பெட்ரோலில் கலக்கக் கண்டுபிடித்தார். எஞ்சினின் சத்தம் அடங்கியது. ஈயப் புகையோ உலக முழுவதும் மனிதர்களின் இரத்தத்தில் ஏறியது. நமது தேசத்தில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. தற்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் இவ்வகை வெடிப்பை அடக்கும் குணமுள்ளதேயன்றி அதிகப்படுத்துவதன்று. ஆனால் பழைய வண்டியின் ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் அது கெடுக்கக்கூடுமாதலால், பெட்ரோல் கசிவை அடிக்கடி பார்க்க வேண்டும். ‘புதுப் பெட்ரோலால்தான் சத்தம்’ என்று ஒருவர் சொன்னால், தீப்பொறியின் காலத்தை முதலில் சரிபார்க்கும்படி அவரிடம் சொல்லலாம். பத்து நிமிஷ வேலை.

எஞ்சினுக்கு வெளியே எழுபவை

முதலில் பார்க்க வேண்டியது சக்கர நட்டுகள். நட்டுத் தளர்ந்த சக்கரம் மெதுவாகப் போகும்போது சுற்றுக்கு ஒருமுறை அடிக்கும். வேகத்தில் சத்தம் மறைந்து போவதுண்டு. அதைக் கேட்டுச் சரியாகிவிட்டதென்று நினைப்பவர் பாக்கியசாலியாயிருந்தால்தான் வீடு சேருவார். இது ஒன்றை மட்டும் மறுநாளுக்கு ஒத்திப்போடக் கூடாது. ஸ்பானர் வண்டியிலேயே இருக்கிறது.

கிளம்பும்போதும் கியர் மாற்றும்போதும், ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி அழுத்தும்போதும் ‘டணார்’ என்று ஒரு முறை மட்டும் அடித்தால், நீளத் தண்டின் முனைகளிலுள்ள கிராஸ் என்னும் சிலுவை மூட்டுத் தேய்ந்திருக்கலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, எஞ்சினை அணைத்து, கியரை நடுநிலையில் வைத்துத் தண்டைக் கையால் முன்னும் பின்னும் திருகிப் பார்த்தால் மூட்டின் ஆட்டம் தெரிந்துவிடும். குழிகளில் மட்டும் அடித்தால் பட்டை ஸ்பிரிங்கின் புஷ்ஷுகள், ஷாக் அப்சார்பரின் ரப்பர்கள், அச்சைப் பட்டையோடு பிணைக்கும் யூ-போல்டுகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவற்றில் யூ-போல்டு தளர்ந்தால் அச்சே இடம்பெயரக் கூடுமாகையால் அதை அற்பமாக எண்ணலாகாது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அடித்தால், ஒருவர் ஸ்டியரிங்கை இருபுறமும் சிறிது அசைக்க, மற்றொருவர் கீழே குனிந்து எந்த மூட்டு அசைவைக் கடத்தாமல் வெறுமனே ஆடுகிறதென்று பார்க்கலாம்.

கூடலூரில் ஒரு அங்கத்தினர் இரண்டு மாதமாகப் பின்பக்கச் சத்தத்திற்காகப் பட்டை, புஷ், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் மாற்றினார். கடைசியில் பின் ஆசனத்தின் அடியில் கட்டவிழ்ந்து கிடந்த ஜாக்கியே குற்றவாளியென்று அவருடைய பள்ளிக்கூடத்துப் பையன் கண்டுபிடித்தான். ஆகையால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் வண்டிக்குள் கிடக்கும் ஜாக்கி, ஸ்பானர், கடப்பாரை முதலியவற்றை இறக்கிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கற்களுக்கு இடையில் எண்ணிப் பார்த்தது

இனி அந்தச் சின்னமனூர்ப் பக்கத்து ஜீப்புக்கு வருவோம். நிற்கும்போது எஞ்சினை வேகப்படுத்தினால் சத்தமில்லை. ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஆள் பாரத்தோடு போகும்போது ‘டொக் டொக்’. கிளட்சை மிதித்தால் சத்தம் ஏறக்குறைய நின்றுவிடும். இவ்வளவும் ராடு பேரிங்கின் தேய்வுக்கும் பொருந்தும். ஒர்க்ஷாப்காரர்கள் சொன்னது முற்றிலும் ஆதாரமற்றதென்று சொல்வதற்கில்லை.

மிஸ்திரி சக்கர நட்டுகளையும் யூ-போல்டுகளையும் இறுக்கிப் பார்த்தார்; சரியாயிருந்தன. பிறகு பின் டயரின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று உருட்டச் செய்து, தரையில் நாடா வைத்து அளந்தார். 2 மீட்டர் 25 சென்டிமீட்டர். 6.00-16 என்னும் டயருக்கு ஏறத்தாழ அவ்வளவுதான் வரும். “200 மீட்டருக்கு இந்தச் சக்கரம் எத்தனை தரம் சுற்றும், கணக்குப் போடுங்கள்” என்றார். 89 என்று வந்தது.

கம்பம் மெட்டுக்குப் போகும் சாலையில், மலையடிவாரத்துக்குச் சற்று முன்னால் லேசான ஏற்றமுள்ள நேரான இடம் ஒன்றுண்டு. அங்கே 200 மீட்டருக்கு ஒன்றாக நட்ட சாலைக் கற்களில் இரண்டை எல்லையாக வைத்துக் கொண்டோம். வண்டி உடையவர் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாவது கியரில் ஓட்ட, நான் கண்ணை மூடிக் கொண்டு சத்தத்தை எண்ணினேன். 87 வந்தது. மறுபடி அதே இடத்தில் மூன்றாவது கியரில், எஞ்சின் திணறத் திணற ஓட்டச் செய்து எண்ணினேன். 90.

இதன் பொருளை அவர் விளக்கியபோது எனக்கு உண்டான வியப்பைச் சொல்லி முடியாது. கியரை மாற்றினால் எஞ்சினின் சுற்று மாறும். அதே தூரத்தைக் கடக்க மூன்றாவது கியரில் எஞ்சின் குறைவாகவே சுற்ற வேண்டும். சத்தம் எஞ்சினிலிருந்து வந்திருந்தால் எண்ணிக்கையும் குறைந்திருக்க வேண்டும். அன்றியும் அது விரல் விட்டு எண்ணக்கூடிய நிதானத்திலேயே இருந்திராது. கியர் மாறியும் எண்ணிக்கை மாறாததால் குற்றம் கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. அடுத்தபடியாக, நீளத் தண்டு சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ நாலு ஐந்து தரம் சுற்றுவது. தண்டிலோ அதன் முனைப் பினியன் பல்லிலோ கோளாறு இருந்தால் இரண்டு கற்களுக்கு இடையில் 89-க்குப் பதிலாக 350-க்கு மேல் அடித்திருக்கும். சுற்றுக்கு ஒன்றாக 89 அடித்ததால் சக்கரத்தின் வேகத்தில் சுற்றும் ஒன்றே குற்றவாளி. நட்டுகளோ இறுகியிருக்கின்றன. எஞ்சின் இழுக்கும்போது மட்டும் சத்தம் வந்து, கிளட்சை மிதித்தால் அடங்குகிறது. ஆக, இழுவையைத் தாங்கும் பற்களில் ஒன்றுதான். பின் அச்சின் நடுவிலுள்ள டிபரன்ஷியலில், பினியன் தள்ள, சக்கரங்களோடு சேர்ந்து சுற்றும் கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரம். வளைவுகளில் மட்டும் சத்தம் வந்திருந்தால் உள்ளேயுள்ள சிறு பற்சக்கரங்களைச் சந்தேகித்திருப்பாராம். நேர்ச்சாலையிலேயே வந்தபடியால் கிரவுன்.

ஒர்க்ஷாப்புக்குத் திரும்பி டிபரன்ஷியலின் அடித் திருகைக் கழற்றி ஆயிலை ஒரு தட்டில் பிடித்தோம். ஆயில் கறுப்பாக இல்லை. மோர் கலந்தது போல் வெளுத்திருந்தது. துணியில் வடிகட்டியபோது ஏலவிதை அளவில் பல இரும்புத் துணுக்குகளும், முழு ஏலக்காய் அளவில் ஒரு துண்டும் கிடைத்தன. கிரவுனின் ஒரு பல் மூளியாகியிருந்தது.

ஆயில் வெளுத்ததன் காரணத்தை அங்கத்தினர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கியதும் சூடு தணியாத வண்டியை வாய்க்கால் தண்ணீரில் அச்சு மூழ்க இறக்கிக் கழுவும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. சூடான அச்சுக்கூட்டின் உள்ளே விரிந்திருக்கும் காற்று, குளிர்ந்த நீர் பட்டதும் சுருங்கி, மேலேயுள்ள மூச்சுத்துளை வழியாகவும் தேய்ந்த ஆயில் சீல்கள் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக் கொள்கிறது. தண்ணீர் கலந்த ஆயில் பற்களின் நடுவே தாங்கி நிற்காது. அதற்கு மேல் ஜீப்பில் ஏற்றக்கூடிய ஆட்களின் கணக்கு ஒன்று, நாம் ஏற்றுகிற கணக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து பல்லை முறித்தன. வண்டியைக் கரையில் நிறுத்தி வாளியால் மொண்டு கழுவினால் யாருக்கும் குறைவில்லை.

இந்தப் பல் மலைப்பாதையில் முற்றும் முறிந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்டேன். மிஸ்திரி நேராகப் பதில் சொல்லவில்லை. என்னைக் குனியச் சொல்லி வண்டியின் அடியைக் காட்டினார். பழைய ஜீப்புகள் பலவற்றில் கைப்பிரேக்கு பின் சக்கரங்களைப் பிடிப்பதன்று. கியர் பெட்டியின் பின்னால், நீளத் தண்டைப் பிடிப்பது. தண்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவிலுள்ள பற்கள் போய்விட்டால், கைப்பிரேக்கு தண்டைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்டிருக்க, சக்கரங்கள் தம் போக்கில் உருளும். எஞ்சினின் பிடிப்பும் அப்போது இராது. போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவற்றில் எதிரே பஸ் வந்தால் ஏற்றத்தில் நிற்கும் வண்டியைக் கைப்பிரேக்கில்தான் நிறுத்துகிறோம். ஆகவே ஏற்றத்தில் நின்றதும் ஒருவர் இறங்கிப் பின் சக்கரத்துக்கு மரக்கட்டை முட்டுக் கொடுப்பது பழைய டிரைவர்கள் கையாண்டு வரும் வழக்கம், அது பயந்தாங்கொள்ளித்தனமன்று. சத்தத்தைச் சோதிக்கிறேனென்று மலையிறக்கத்தில் கியரை நடுநிலைக்குத் தள்ளி வண்டியை உருள விடுவதோ, ஒருபோதும் செய்யத் தகாத காரியம். அப்பரீட்சைகளை எல்லாம் சமதரையில், ஆளில்லாத வண்டியில் செய்து கொள்ள வேண்டும்.

கடன் விஷயத்தில் நான் கண்ட சில காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். பழுதுக்காகக் கடன் கேட்டு வரும் அங்கத்தினரிடம், இன்ன பாகம் கெட்டிருக்கிறது, இன்ன சோதனையால் அது தெரிந்தது, பாகத்துக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு என்று ஒர்க்ஷாப்பில் ஒரு சீட்டு எழுதி வாங்கி வரச் சொல்லலாம். கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்குவதும் அவருடைய உரிமை. தேய்ந்த பேரிங்கைத் தகடு தகடாகக் கையில் பார்த்த பிறகு பணம் கொடுப்பவருக்கு மனக்குறை இராது. சத்தம் கேட்ட மாத்திரத்தில் “எஞ்சினை இறக்க வேண்டும்” என்று சொல்பவரிடம், முதலில் ஆயில் பிரஷரைக் கருவி வைத்து அளந்து காட்டும்படி கேளுங்கள். அளக்க மறுத்தால் வேறிடம் செல்லுங்கள். ஜீப்புகள் அதிகமுள்ள கிராமங்களில் ஐந்தாறு பேர் சேர்ந்து ஆயில் பிரஷர் அளக்கும் கருவி ஒன்றைப் பொதுவில் வாங்கி வைத்துக் கொள்வது பெரிய செலவன்று. விவசாயக் கருவிகளை வாடகைக்கு விடும் சங்கங்களில் அதற்கு ஒரு இடம் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை தோன்றவில்லை. பஞ்சாயத்தார் முடிவு செய்யட்டும்.

அந்த ஜீப்பின் கிரவுனும் பினியனும் ஜோடியாகவே மாற்றப்பட்டன. இரண்டும் ஒன்றோடொன்று தேய்த்து ஜோடி சேர்க்கப்பட்டவையாதலால் ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரம் கெடும். அச்சின் ஆயில் சீல்கள் புதிதாகப் போடப்பட்டன. மூச்சுத்துளையில் அடைந்திருந்த சேறும் எடுக்கப்பட்டது. முதல் 500 கிலோமீட்டருக்குப் பாரம் குறைத்து ஓட்டி, பிறகு ஆயிலை வடித்துப் புதிது ஊற்ற வேண்டுமென்று மிஸ்திரி கண்டிப்பாகச் சொன்னார். மொத்தச் செலவு, எஞ்சினை இறக்கிக் கட்டக் கேட்ட தொகையில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. வளையல்கள் மட்டும் சங்கத்துக்கு வந்தன. சங்கிலி வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று. மறு தணிக்கைக்கு நான் போனபோது வளையல்களும் மீட்கப்பட்டிருந்தன.